தக்கைப் பூங்கா

ஏரிமேட்டுப் பூங்காவில் எடை குறைந்த முதல் மாலை, முதலில் மேலே போனது ஒரு பொட்டலம் சுண்டல்தான். விற்றுக்கொண்டிருந்தவர் வழக்கம்போல் ஒரு குலுக்குக் குலுக்கினார். கடலைகள் எல்லாம் வேப்பங்கிளை வரைக்கும் போய், அங்கே ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு, அவசரமில்லாமல் இறங்கி வந்தன. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி அவற்றை நோக்கி ஓடினார்கள். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஆள் உயரம் எழும்பி, கூச்சலிட்டுக்கொண்டே பறந்து, புல்லில் உருண்டு, எங்கும் வலிக்காமல் எழுந்து மறுபடி எழும்பினார்கள்.

மிருதுளா வாசலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நொய்யல்புரம் மாநகராட்சியின் பூங்கா அலுவலர் அவள். ஊரிலுள்ள பூங்காக்கள், நீச்சல்குளம், ஸ்கேட்டிங் மைதானம், இறகுப்பந்து அரங்கம் எல்லாம் அவள் பொறுப்பு. பொறுப்பு என்றால் புகார் என்று அர்த்தம். ஊஞ்சல் சங்கிலி அறுந்தாலும், குளத்தில் தவளை வந்தாலும், நடைபாதையில் யாருடைய நாயோ அசிங்கம் செய்தாலும் போன் அவளுக்குத்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், பூங்கா நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக ஒருவரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

அன்று கூப்பிட்டார்கள். சிலர் பூங்காவுக்குள் இருந்தபடியே, அந்தரத்தில் மிதந்துகொண்டே கூப்பிட்டார்கள்.

'இலகு' என்ற நிறுவனம் புல்லுக்கு அடியில் தகடுகளைப் பதித்திருந்தது. காலை ஆறு முதல் எட்டு வரை, மாலை ஐந்து முதல் எட்டு வரை அவை வேலை செய்யும். அந்த நேரத்தில் வேலிக்குள் இருக்கும் எதற்கும் மூன்றில் ஒரு பங்கு எடைதான். அறுபது கிலோ ஆள் இருபது கிலோ ஆகிவிடுவார். ஆணையர் திறப்பு விழாவில் பேசும்போது ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் மைக்கையும் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டும் மேலே போகப் பார்த்தன.

மிருதுளா தன் கணவன் சென்னியப்பனையும் அழைத்து வந்திருந்தாள். அவன் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஒரு காலத்தில் மாவட்டக் கைப்பந்து அணியில் வலையோரம் நின்று அடித்தவன். பைக் விபத்துக்குப் பிறகு அவன் முதுகில் எஃகுக் கம்பி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி விசில் ஊதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதோடு சரி. வர மாட்டேன் என்று அடம்பிடித்தவனை அவள்தான் கையைப் பிடித்து வாசலுக்குள் இழுத்தாள்.

உள்ளே ஓர் அடி வைத்ததும் அவன் நின்றுவிட்டான்.

"என்னங்க, வலிக்குதா?"

"இல்ல மிருது. அதான் தேடிட்டு இருக்கேன். எங்கயும் காணோம்."

பிறகு அவன் குதித்தான். முதலில் பயந்து பயந்து, ஒரு கோழி குதிப்பதுபோல. அடுத்தது கொஞ்சம் நம்பிக்கையோடு. மூன்றாவது குதியில் அவன் செருப்பு அவள் தோளுக்கு மேலே இருந்தது. அங்கிருந்து, நாற்பத்தாறு வயது ஆசிரியர் என்பதை மறந்து, "மிருது! நான் மேல இருக்கேன்! இங்க பாரு, மேல இருக்கேன்!" என்று கத்தினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் அவள் காலும் தரையை விட்டுவிட்டது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் மோதி, பஞ்சுப் பொதிபோல விழுந்தார்கள்.

இரண்டே வாரத்தில் ஊர் அதற்குத் தக்கைப் பூங்கா என்று பெயர் வைத்துவிட்டது. மூட்டுவலிக்காரர்கள் கும்மியடித்தார்கள். கல்யாணமாகி முப்பது வருடம் ஆனவர்கள் மனைவியைத் தூக்கிச் சுற்றினார்கள். சில மனைவிகள் கணவனைத் தூக்கிச் சுற்றினார்கள். நாய்கள் காக்கையை எட்டிப் பிடிக்கப் பார்த்ததில், காக்கைகள் மாநகராட்சிமேல் நம்பிக்கை இழந்தன. பூங்கா நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் பாலதண்டாயுதம் என்று ஒருவர் இருந்தார். பெரிய மில்லை நடத்தி ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் மிருதுளாவுக்குப் புகார் சொல்பவர். அவரே போன் செய்து, "ஒண்ணும் குறையில்லைங்க. குறையில்லைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டு மணிக்கு முன்னால் வெளியே வரும்போதுதான் சங்கடம். வாசலைத் தாண்டியதும் சொந்த எடை மொத்தமாக வந்து உட்காரும். உள்ளே போகும் வாசலை 'ஹை வாசல்' என்றும், வெளியே வரும் வாசலை 'அய்யோ வாசல்' என்றும் பிள்ளைகள் சொன்னார்கள்.

அப்படிக் குறைந்த எடை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. மிருதுளாவும் கேட்கவில்லை. சந்தோஷம் வந்தால் அது எந்த வழியாக வந்தது என்று யார் விசாரிக்கிறார்கள்?

மூன்றாவது வாரம் அவள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் துளசிமணி. நகர எல்லையில் கல்லுக்குழி என்ற குடியிருப்பில் இட்லி மாவு ஆட்டி விற்பவள்.

"மேடம், உங்ககிட்ட எடை கொறைக்கற சாமான் இருக்குதாமே. அதுல ஒண்ண எங்க ஊருக்கும் போட்டுக் குடுங்க."

"எல்லாப் பூங்காவுக்கும் வருங்க. உங்க ஊர்ல பூங்கா இருக்குதா?"

"பூங்காவெல்லாம் வேண்டாமுங்க. எங்க ஊரு கனக்குது. அதுக்குத்தான் கேக்கறேன்."

"கனக்குதுன்னா?"

துளசிமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாவு வாளியத் தூக்குனா கை கழண்டு கீழ விழுந்துரும் போல இருக்குதுங்க. கரண்டு ஆபீசுல போய்ச் சொன்னேன், கரண்டுக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லைன்னுட்டாங்க. டாக்டர்கிட்டப் போனா, அங்க மெசின் சரியாத்தான் காட்டுது. கோயில்ல குறி கேட்டோம். பூசாரியே உக்காந்த எடத்துல இருந்து எந்திரிக்க முடியாம, 'ஆத்தா அமுக்கறா, ஆத்தா அமுக்கறா'ன்னு கெடக்கறாரு. என்ற ஊட்டுக்காரர் என்ன பண்றாரு, நான் குண்டாயிட்டேன்னு சோத்தக் கம்மி பண்ணச் சொல்றாருங்க. அவரு கட்டில்ல இருந்து எந்திரிக்கறதே என்ற கையப் புடிச்சுத்தான்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மிருதுளாவும் சேர்ந்து சிரித்தாள்.

"எப்பவுமேவா கனக்குது?"

"இல்லீங்க. காத்தால ஆறு மணிக்குப் புடிச்சா எட்டு மணிக்கு டக்குன்னு உட்டுரும். மறுக்கா சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

மிருதுளாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று மாலையே அவள் கல்லுக்குழிக்குப் போனாள். ஒரு காலத்தில் கல் உடைத்த பள்ளம். அதன் விளிம்பிலும் அடியிலுமாக ஓட்டு வீடுகள், ஓர் அடிபம்பு, முருங்கை மரங்கள். ஐந்து மணி ஆனபோது ஸ்கூட்டர் முனகி நின்றது. டயர்கள் அமுங்கின. அடுத்த நொடி அவள் தோளில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். தோடு காதை இழுத்தது. கன்னம் தொங்கியது. கையில் இருந்த போன் செங்கல் ஆனது. பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கி, துளசிமணி வீட்டு வாசலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வந்துட்டீங்களா? தண்ணி குடுக்கலாம்னா சொம்பத் தூக்கோணும்" என்றாள் துளசிமணி உள்ளே சுவரில் சாய்ந்தபடி.

கட்டிலில் அவளுடைய மாமனார் மாரப்பன் படுத்திருந்தார். கண் மட்டும் அசைந்தது. "எட்டு மணி ஆவட்டும்மா, எந்திரிச்சு வணக்கம் சொல்றேன்" என்றார். எதிர்வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பிள்ளைகள் வயிற்றால் ஊர்ந்து யார் முதலில் அடிபம்பைத் தொடுவது என்று பந்தயம் விட்டார்கள். அதற்குப் பல்லியாட்டம் என்று பெயராம். அவர்களும் சிரித்தார்கள். எங்கே போட்டாலும் பிள்ளைகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மிருதுளா அந்தக் கர்ப்பிணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, எட்டு மணி தாண்டி பூங்கா காலியானபின், இலகு நிறுவனத்தின் பொறியாளர் நிரஞ்சனை அங்கே வரச் சொன்னாள். முப்பது வயதுப் பையன். எப்போதும் சிரித்த முகம்.

"குறையுற எடை எங்க போகுது?"

அவன் முகம் கொஞ்சம் மாறியது. பக்கத்தில் இருந்த சீசாப் பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்தான். "எடைய அழிக்க முடியாது மேடம். நகத்தத்தான் முடியும். இந்த முனை மேல போகணும்னா அந்த முனை கீழ போயாகணும். இங்க பதிச்ச மாதிரியே இன்னொரு எடத்துலயும் தகடு பதிச்சிருக்கோம். இங்க குறையுறது அங்க கூடும்."

"அந்த முனையில யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"கைவிட்ட கல்குவாரின்னு சொன்னாங்க. ஆளில்லாத எடம்..."

"போய்ப் பாத்தீங்களா நிரஞ்சன்?"

"ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா குழியைச் சுத்திப் பதிச்சுட்டு வந்துட்டாங்க. நான் போகல மேடம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கடலுக்கு அனுப்ப முடியாதா?"

"பத்து கிலோமீட்டருக்கு மேல எட்டாது."

"மேற்கால காடு இருக்குதே?"

"காட்டுல யானை இருக்குது மேடம். அது ஏற்கனவே கனம் போதும்னுதான் இருக்குது."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "அப்ப நிறுத்திருங்க" என்றாள்.

"நிறுத்தணும்னா ஆணையர் சொல்லணும். ஞாயித்துக்கிழமை மந்திரி வர்றாருன்னு நேத்துதான் சொன்னாரு, ஒரு நாள் கூட நிக்கக் கூடாதுன்னு. உங்க கையில நேரமும் திசையும் மட்டுந்தான் இருக்கு."

"திசைன்னா என்ன?"

"சோதனைக்காக வெச்சது. திருப்பிப் போட்டா அங்க குறையும், இங்க கூடும். யாரு போடப்போறா?" என்றான் நிரஞ்சன். சொன்னபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "மேடம்... வேண்டாம் மேடம்."

வீட்டில் சென்னியப்பன் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பூங்காவில் ஆட்டம். எட்டு வருடத்துக்குப் பிறகு அவன் ஆடும் முதல் ஆட்டம். அதற்காகப் பழைய ஜெர்சியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தான். மிருதுளா சொல்லலாமா வேண்டாமா என்று சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் பலமுறை நடந்தாள். கடைசியில் சொல்லிவிட்டாள்.

அவன் பம்பைக் கீழே வைத்தான்.

"நான் மேல குதிச்சப்ப எல்லாம், ஒருத்தர் அங்க கட்டில்ல அமுங்கிக் கெடந்தாரா?"

"ஆமாங்க."

"அந்தப் புள்ளத்தாச்சியும்?"

"ஆமாங்க."

அவன் பந்தை உருட்டி விட்டான். அது சோபாவுக்கு அடியில் போய் நின்றது. "அப்ப அந்தப் பாயிண்ட்டெல்லாம் செல்லாது மிருது" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் முதுகில் கம்பி இருக்கும் இடத்தில் கையை வைத்தாள். தக்கைப் பூங்காவை மூடிவிட்டால் இந்த முதுகு மறுபடி நாற்காலிக்குத்தான் போகும். இருவருக்கும் அது தெரியும்.

"ஆட்டத்த கல்லுக்குழியில வெச்சா ஆடுவீங்களா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை நடைப்பயிற்சிச் சங்கத்தைக் கூட்டி விஷயத்தைச் சொன்னாள். எல்லாரும் ஓரடி உயரத்தில் மெல்ல எழும்பியும் அமர்ந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் புரியப் புரிய ஒவ்வொருவராகக் குதிப்பதை நிறுத்தினார்கள். சிலர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், இனி தங்களால் ஒரு பாரமும் கூடாது என்பதுபோல.

பாலதண்டாயுதம் மட்டும் முன்னால் வந்தார். "அதுக்கு நாங்க என்னங்க பண்றது? பூங்கா எங்களுக்குன்னு கட்டினது. வேற எடம் பாக்கச் சொல்லுங்க."

"எந்த எடத்துக்குப் போனாலும் அங்க ஒருத்தர் இருக்கத்தானுங்க செய்வாங்க. நாளைக்குத் திசையத் திருப்பறேன். சாயங்காலம் இங்க கனமா இருக்கும். அங்க தக்கையா இருக்கும்."

"எங்க பூங்காவுல இருந்து எங்களையே வெளிய போகச் சொல்றீங்களா?"

"போகச் சொல்லலீங்க. கல்லுக்குழிக்கு வாங்கன்னு கூப்பிடறேன். வாசல்ல வேன் நிக்கும்."

விஷயம் காதுக்கு எட்டியதும் ஆணையர் போனில் கத்தினார். "நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேனில்ல?"

"நிறுத்தலீங்க சார். ஒரு நிமிசம் கூட நிக்காது" என்றாள் மிருதுளா. அது பொய்யில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கல்லுக்குழியே வாசலில் நின்றது. முதலில் கோழிகளுக்குத்தான் தெரிந்தது. பம்பு மேடையில் நின்ற ஒரு சேவல் சும்மா சிறகை உதறியது. உதறிய வேகத்தில் ஓட்டுக் கூரையைத் தாண்டி முருங்கை உச்சியில் போய் நின்று, தான் செய்ததை நம்ப முடியாமல் கூவியது. அடுத்தது பிள்ளைகள். பல்லிகள் எல்லாம் தவளைகளாயின. பள்ளத்தின் விளிம்பிலிருந்து அடிக்குக் குதித்தார்கள். பாவாடை குடைபோல விரிய, ஒருத்தி கீழே வந்து சேர்வதற்குள் இன்னொருத்தியோடு சண்டை போட்டு முடித்துவிட்டாள்.

துளசிமணி மாவு வாளியை ஒரு விரலில் மாட்டித் தூக்கினாள். பார்த்தாள். வாளியை வைத்துவிட்டுத் தன் கணவனை இடுப்பில் கைபோட்டுத் தூக்கினாள்.

"ஏய், உடு! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். யாரு குண்டுன்னு எல்லாரும் பாக்கட்டும்!"

மாரப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். நின்றார். வணக்கம் சொல்லக் கையைக் கூப்பிய வேகத்தில் கால் தரையை விட்டது. கூப்பிய கையோடு, ஏதோ சாமி வீதியுலா போவதுபோல, வாசல்வரை மிதந்து வந்து மிருதுளா முன்னால் இறங்கினார். "சொன்னபடி எந்திரிச்சுட்டம்மா" என்றார். எதிர்வீட்டுக் கர்ப்பிணி வயிற்றிலிருந்து கையை எடுத்து, நெடுநாள் கழித்து இரண்டு கையையும் வீசி நடந்தாள். அவ்வளவுதான் செய்தாள். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

வேன்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்று வேன் வந்தால் அதிசயம் என்று மிருதுளா நினைத்திருந்தாள். நடைப்பயிற்சிச் சங்கத்தார் வெள்ளை ஷூக்களோடு தயங்கித் தயங்கி இறங்கினார்கள். யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற கூச்சம் அவர்களுக்கு. அந்தக் கூச்சத்தோடு வைத்த முதல் அடியே அவர்களைத் தூக்கியெறிந்தது. ஒருவர் நேராக ஒரு கூரைமேல் போய் உட்கார்ந்தார். "ஓடு ஒடைஞ்சா மாத்திக் குடுக்கோணும் சார்!" என்று கீழிருந்து ஒரு குரல். "இருபது கிலோதானுங்க, ஒடையாது!" என்று மேலிருந்து பதில். அதோடு கூச்சம் போய்விட்டது. துளசிமணி போண்டா போட்டாள். உருட்டிய மாவை எண்ணெயில் போடுவதற்குள் அது வேறு திசையில் போகப் பார்த்ததால், நாலு பெண்கள் சுற்றி நின்று எண்ணெய்ப் பக்கம் தட்டிவிட்டார்கள். போண்டாக்கள் கோணல்மாணலாக வெந்தன. ஒன்று மிஞ்சவில்லை.

பள்ளத்தின் அடியில் வலை கட்டினார்கள். ஒரு பக்கம் சென்னியப்பனும் சங்கத்தாரும். மறுபக்கம் வேறு குவாரிகளில் லாரிக்குக் கல் ஏற்றும் கல்லுக்குழிப் பெண்கள். மூன்று வாரமாக எடையோடு மல்லுக்கட்டிய தோள்கள் அவை. முதல் பந்தை அவர்கள் அடித்த அடியில் அது பள்ளத்தை விட்டே வெளியேறி, யார் வீட்டுக் கொல்லையிலோ இறங்கியது. சென்னியப்பன் எழும்பினான். எழும்பிக்கொண்டே இருந்தான். வலைக்கு மேலே, பள்ளத்தின் விளிம்புக்கும் மேலே போய், அங்கே வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நேராக முகம் வந்தபோது பந்தை அடித்தான். விசில் பறந்தது. அவன் இறங்கி வரும்வரை எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அணி படுதோல்வி அடைந்தது. மிருதுளாவைப் பார்த்து விரலை உயர்த்தி, "இது செல்லும்!" என்று கத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை மந்திரியும் கல்லுக்குழிக்குத்தான் வந்தார். இரண்டு போண்டா சாப்பிட்டு, முருங்கை மரத்தில் சிக்கிக்கொண்டு, உதவியாளர்கள் இறக்கிவிட்ட பிறகு இது அருமையான திட்டம் என்றார். ஆணையர் அது தன்னுடைய யோசனை என்றார். மிருதுளா மறுக்கவில்லை.

அதன்பின் ஏற்பாடு இப்படி ஆனது. காலையில் தகடுகளை இயக்குவது நின்றுபோயிற்று, மாலை மட்டும். ஒரு நாள் பூங்கா தக்கையாக இருக்கும், மறுநாள் கல்லுக்குழி. பூங்கா முறை வரும்போது கல்லுக்குழி மொத்தமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேனேறி ஏரிமேட்டுக்கு வரும், மாரப்பனுக்கு முன்சீட். நடக்க முடியாதவர் ஒருவர் அங்கே இருந்தாலும் வேன் திரும்பிப் போய் அவரை ஏற்றி வரும்வரை மிருதுளா தகட்டை இயக்க மாட்டாள். கல்லுக்குழி முறை வரும்போது பூங்காவைப் பூட்டிவிட்டு ஊர் அங்கே போகும். கனம் வெறும் புல் மேலும் வெறும் கூரை மேலும் விழுந்துவிட்டுப் போகட்டும். புல் புகார் செய்யாது. முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஹை வாசலில் தங்களுக்கு முன்னால் மாவு விற்பவள் நிற்கிறாளே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. உள்ளே போய் மூன்று முறை குதித்த பிறகு முணுமுணுக்க மூச்சு இருக்காது.

ஒரு கல்லுக்குழி நாளில், ஐந்து மணியைத் தாண்டி, பூங்கா காலியாக இருக்கிறதா என்று பார்க்க மிருதுளா தனியாகப் போனாள். யாரோ வேலி தாண்டி உள்ளே போவதாகக் காவலாளி சொல்லியிருந்தார். பூட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் உடம்பு ஈயமாயிற்று. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். வேப்பமரத்துக்கு அப்பால், புல்லில் ஓர் ஆள் மல்லாந்து கிடந்தார்.

முடிந்தவரை வேகமாகப் போனாள். பாலதண்டாயுதம்.

"சார்! சார், என்னாச்சுங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்ததும், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் பிடிபட்டதுபோல் முழித்தார். "ஒண்ணுமில்லைங்க. சும்மா படுத்திருக்கேன்."

"கனம் தெரியலீங்களா? இந்த வயசுல இது ஆகுமா? எந்திரிங்க, கல்லுக்குழிக்குப் போலாம்."

"அங்க போனேனுங்க. குதிச்சும் பாத்தேன். எனக்கு அது சரிப்படல." அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வீட்டம்மா போய் ஒரு வருசம் ஆச்சு. அன்னியில இருந்தே நான் தக்கையாத்தான் இருக்கேன். வீட்டுக்குள்ள நடந்தா சத்தமே கேக்கறதில்ல. ஃபேன் காத்துக்குப் பறந்துருவேன் போல இருக்கும். அன்னிக்கு, நீங்க திருப்பிப் போட்ட சனிக்கிழமை, கோவத்துல வேனேறாம இங்கயே உக்காந்துட்டேன். அஞ்சு மணிக்கு வந்து அமுக்குச்சு பாருங்க... யாரோ மேல கைய வெச்சு, சும்மா படுன்னு சொல்ற மாதிரி. அப்படியே தூங்கிட்டேன். ஒரு வருசத்துல முதல் தூக்கம்."

மிருதுளாவால் அந்தக் கனத்தில் நிற்க முடியவில்லை. மெல்லப் புல்லில் உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேனுங்க. கொஞ்ச நேரம்னா பரவாயில்லன்னாரு" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு உதவி. வெளிய யாருக்கும் சொல்லிறாதீங்க. தெரிஞ்சா கூட்டம் வந்துரும்."

அரளிப் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அதான் வந்துருச்சே. சித்த மெதுவாப் பேசுங்க சார், தூக்கம் கெடுது."

மிருதுளா திடுக்கிட்டுத் திரும்பினாள். புதருக்கு அந்தப் பக்கம் துளசிமணி, முந்தானையை முகத்தில் போட்டபடி கால் நீட்டிப் படுத்திருந்தாள். அவளுக்கு அப்பால், ஸ்டேட் பாங்க் ஓய்வூதியர் ஒருவர். இன்னும் தள்ளி, கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஓர் இளம் தாய். குழந்தை அசையாமல் உறங்கியது.

"துளசிமணி! நீங்களா? இந்தக் கனத்துக்குத்தானே எங்கிட்ட வந்து சண்ட போட்டீங்க?"

"அங்க ஊரே வந்து குதிக்குதுங்க. ஊட்டுக்குள்ள வந்து போண்டா போண்டாங்கறாங்க. சாயங்காலம் சித்த காலை நீட்டலாம்னா எடமில்ல." துளசிமணி முந்தானையை விலக்கவில்லை. "அன்னிக்கு அது எங்களக் கேக்காம வந்து விழுந்துச்சு. இன்னிக்கு நானா வந்து படுத்திருக்கேன். சத்தம் போடாதீங்க மேடம்."

எல்லாரையும் எழுப்பி வெளியே அனுப்புவது மிருதுளாவின் வேலை. குழந்தையை மட்டும் உடனே அனுப்பிவைத்தாள். கைக்குழந்தைக்கு இது வேண்டாம் என்று சொன்னதும் அந்தத் தாய் கொஞ்சம் வருத்தத்தோடு, தூங்கும் பிள்ளையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனாள். மற்றவர்களைப் பற்றி யோசிக்க ஒரு நிமிடம் வேண்டியிருந்தது. யோசிப்பதற்காகப் புல்லில் சாய்ந்தாள். முதுகு தரையில் பட்டதும், காலையிலிருந்து வந்த போன்கள், ஆணையர், உடைந்த ஊஞ்சல், நீச்சல்குளத்துத் தவளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்குள் படிந்து, அடியில் போய் அமைதியாகின. கை எடுக்க வரவில்லை. எடுக்கத் தோன்றவுமில்லை.

போன் அடித்தது. காதுக்கு உருட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஆரவாரம், பந்துச் சத்தம், மூச்சிரைப்பு.

"மிருது, எங்க இருக்கே? ரெண்டாவது செட்டு ஜெயிக்கப் போறோம், வா!"

"வர நேரமாகுங்க."

"வேலையா?"

"ஆமாங்க" என்றாள் மிருதுளா, கண்ணை மூடியபடி. "கொஞ்சம் கனமான வேலை."

அரளிப் புதருக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், பூமி அதிர்கிறதுபோல் சிரித்தார்கள்.